கரும்பலகை தெரிகிறதா?

‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. கண் கெடுவதற்கு முன்பே அதைக் காத்துக்கொள் என்னும் புத்திமதியும் அதற்குள் அடங்கியிருக்கிறது. குழந்தையைக் கொஞ்சும்போது “கண்ணே” என்றுதான் அழைக்கிறோம். ஆனால் அந்தக் கண்மணியின் கண்களை எத்தனை பேர் பரிசோதித்துப் பார்த்திருக்கிறோம்?

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது உயரமாக வளர்ந்துவிட்டதால் கடைசி பெஞ்சுக்கு மாற்றப்பட்டேன். அதுவரை நன்றாகப் படித்த நான், கணக்கில் தவறுமேல் தவறு செய்தேன். கரும்பலகையில் இருக்கும் 8 எனக்கு 3 ஆகிவிடும். பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதியே காலத்தை ஓட்டினேன். மதிப்பெண் அட்டையைப் பார்த்த அப்பா, “கவனம் எங்கே போகிறது?” என்று கோபித்துக்கொண்டார். நானும் அழுதேனே தவிர, கண் தெரியவில்லை என்று சொல்லவில்லை. ஏனென்றால் அது எனக்கே தெரியாது! கரும்பலகை எல்லாருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று எண்ணியிருந்தேன். அவ்வாண்டு பள்ளியில் நடந்த கண் பரிசோதனைதான் உண்மையை வெளிக்கொணர்ந்தது.

அந்தப் பரிசோதனை மிகவும் எளியது. பெரியதிலிருந்து சிறியதாக வரிசை வரிசையாய் எழுத்துகள் அச்சிட்ட அட்டையை 6 மீட்டர் தூரத்தில் மாட்டுவார்கள். ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862ஆம் ஆண்டில் உருவாக்கிய அட்டை அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் படிக்க வேண்டும். பிறகு கண்ணை மாற்ற வேண்டும். 6/6 என்றால் பார்வை சரியாக இருக்கிறது என்று பொருள். எனக்கு 6/24 என்று எழுதினார்கள். அதாவது, மற்றவர்கள் 24 மீட்டர் தொலைவில் நின்று படிக்கும் எழுத்தை நான் 6 மீட்டர் தூரத்திற்கு வந்தால்தான் படிக்க முடியும்.

இதற்குக் காரணம் கிட்டப்பார்வை. கண்விழி சற்று நீண்டு வளர்ந்துவிட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையின் மீது விழாமல் அதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. குழிலென்சு பொருத்திய கண்ணாடி அந்தப் பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளி, விழித்திரையில் விழச் செய்கிறது. தூரப்பார்வைக்கோ குவிலென்சு தேவை. அறிவியல் பாடத்தில் இதைப் படித்தபோது, என் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியை நான் நன்றியுடன் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மருத்துவரிடம் சென்ற அன்று ஆறு வயதுத் தம்பியும் கூட வந்திருந்தான். “இவனையும் பார்த்துவிடலாமே” என்றார் மருத்துவர். துறுதுறுவென்று ஓடியாடும் அவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது என்று நாங்கள் சிரித்தோம். வலது கண்ணை மூடியதும் அவனால் இரண்டாம் வரியைக்கூடப் படிக்க முடியவில்லை! அம்மா திகைத்துப் போய்விட்டார். இதற்குச் ‘சோம்பல் கண்’ என்று பெயராம். ஒரு கண்ணில் பவர் மிகுதியாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, மூளை நல்ல கண்ணை மட்டும் நம்பி மற்றதை ஒதுக்கிவிடுகிறது. இரண்டு கண்களையும் திறந்திருக்கும்போது குறை தெரியாது. ஏழு வயதிற்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நல்ல பலன் தரும். வயது ஏற ஏறப் பலன் குறைந்துகொண்டே போகும். தம்பிக்குக் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்கச் சொன்னார்கள். பல மாதங்கள் அவனோடு நாங்கள் போராடினோம். இன்று அவன் அந்தக் கண்ணாலேயே கதைப்புத்தகம் படிக்கிறான். அன்று அவன் வீட்டிலேயே இருந்திருந்தால்?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை சொல்லட்டும் என்று காத்திராதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, புத்தகத்தை முகத்தருகே பிடிப்பது, அடிக்கடி தலைவலி, தலையைச் சாய்த்துப் பார்ப்பது ஆகியவை அறிகுறிகள். தம்பியைப் போல் அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். எனவே பள்ளியில் சேர்க்கும் முன்பு ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் பரிசோதித்தல் நலம். மாணவர்களின் கண்களைப் பரிசோதித்துக் கண்ணாடி வழங்க 2009ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளிலும் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

சில தவறான எண்ணங்களையும் நாம் விட்டொழிக்க வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்கள். அது சிகிச்சை பெற வேண்டிய குறையே. கண்ணாடி அணிந்தால் பவர் கூடும் என்பார்கள். உண்மையில் வளரும் வயதில் கண்ணும் வளர்வதால்தான் பவர் கூடுகிறது. “பெண்பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள்?” என்று என் பாட்டி கவலைப்பட்டார். அம்மா சொன்ன பதில்: “முதலில் அவள் உலகத்தைப் பார்க்கட்டும், அத்தை. பிறகு அவளை உலகம் பார்க்கட்டும்.”

தோழிகளே! கீரை, பப்பாளி, காரட் போன்றவற்றில் உள்ள வைட்டமின் ஏ சத்து மாலைக்கண் வராமல் காக்கும். கைப்பேசியைக் குறைத்து, தினமும் இரண்டு மணி நேரம் வெளியே பகல் வெளிச்சத்தில் விளையாடினால், கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறையும். பக்கத்தில் இருப்பவள் உங்கள் நோட்டை எட்டிப் பார்த்தால் ‘காப்பி அடிக்கிறாள்’ என்று உடனே எண்ணிவிடாதீர்கள். “கரும்பலகை தெரிகிறதா?” என்று அன்புடன் கேளுங்கள்.

டிசம்பர் 13ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித லூசியாள், கண்நோயாளிகளின் பாதுகாவலி. அவரிடம் வேண்டிக்கொள்வோம், வேண்டிய கையோடு மருத்துவரிடமும் செல்வோம். இறைவன் தந்த ஒளியைப் பேணிக் காப்பது நம் கடமையன்றோ!

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு