இணையவழி மனநலப் பயிற்சிகள்: நம் பிள்ளைகளுக்கு எந்த அளவு உதவும்?

மே மாதம் வந்துவிட்டால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுதான். பிளஸ் டூ மதிப்பெண், பத்தாம் வகுப்பு முடிவு, அதைத் தொடர்ந்து நீட். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எவ்வளவு கட்டணம் என்று எல்லாக் கணக்கும் போடப்படுகிறது. அந்தப் பிள்ளை இரவில் ஒழுங்காகத் தூங்குகிறதா, உள்ளுக்குள் எதையாவது வைத்துப் புழுங்குகிறதா என்ற கேள்வி மட்டும் பல வீடுகளில் எழுவதில்லை.

நீட் முடிவு வந்த வேளையில் ஒரு மாணவியின் உயிரை நம் விழுப்புரம் மாவட்டம் 2018 ஜூனில் பறிகொடுத்தது. அப்படிப்பட்ட எந்த மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒன்று நிச்சயம். ஒரு பிள்ளை தாங்க முடியாத சுமையில் இருக்கும்போது அதைக் காது கொடுத்துக் கேட்க ஒருவர் இருந்தால், நிலைமை மாறுவதற்கு வழி பிறக்கிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பிரச்சினை இருப்பது தெரியவந்தது. 40 பேர் உள்ள வகுப்பறையில் ஏறத்தாழ 3 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். நம்முடைய ஊர்களைப் போன்ற இடங்களில் மனநல மருத்துவரைத் தேடிப் போவது எளிதல்ல. தூரம் ஒரு காரணம். "பைத்தியத்துக்கு வைத்தியம்" என்று பெயர் கட்டிவிடுவார்கள், நாளை பெண்ணின் நிக்காஹ் பேச்சில் இது வரும் என்ற அச்சம் இன்னொரு காரணம்.

இந்த இடைவெளியில்தான் கைபேசி வழியாகக் கற்றுத்தரும் மனநலப் பயிற்சிகள் நுழைந்திருக்கின்றன. இவை பயன் தரக்கூடியவைதான். ஆனால் பக்கத்தில் ஒரு மனிதரும் துணை நிற்கும்போதே நன்றாகப் பயன் தருகின்றன. செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

மன உறுதி என்பது அழாமல் இருப்பது அல்ல

"ஈமான் உறுதியாக இருந்தால் மனக்கவலை வருமா?" என்று சிலர் பிள்ளைகளிடம் கேட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே கலங்கியிருக்கும் பிள்ளைக்கு அதோடு குற்ற உணர்வும் சேர்ந்துவிடுகிறது. மகன் யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் பார்வை இழந்ததைக் குர்ஆனின் 12ஆவது அத்தியாயம் எடுத்துச் சொல்கிறது. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டை "துயர ஆண்டு" என்றே ஸீரா நூல்கள் அழைக்கின்றன. நபிமார்களுக்கே துயரம் வந்திருக்கிறது. அதை ஈமானின் குறைவு என்று யாரும் சொல்லவில்லை.

மன உறுதி என்பது விழுந்த பிறகு எழுந்து நிற்கத் தெரிவது. அதைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்று நம் முன்னோர்களும் எழுதியிருக்கிறார்கள். கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்து "மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்" என்ற நூலை எழுதினார். திடீரென்று அடிபட்டால் உதவட்டும் என்று மருந்தை முன்கூட்டியே எடுத்து வைக்கிறோம் அல்லவா? அதுபோல மனம் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே நல்ல சிந்தனைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மனம் கொந்தளிக்கும்போது அவற்றை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் தந்த ஆலோசனைகளில் ஒன்று. இன்றைய பயிற்சிகளின் அடிப்படையும் கிட்டத்தட்ட இதுதான்.

என்ன சொல்லித் தருகிறார்கள்?

செயலி, காணொளி வகுப்பு, விளையாட்டு, தொலைபேசி ஆலோசனை என்று வடிவங்கள் பல. நல்ல திட்டங்கள் எல்லாம் சில அடிப்படைத் திறன்களைத்தான் கற்றுத்தருகின்றன. மனதில் ஓடும் உணர்வுக்குப் பெயர் சொல்லப் பழகுவது, தன்னைத் தாழ்த்தும் எண்ணத்தைக் கேள்வி கேட்பது, பெரிய பிரச்சினையைச் சிறு சிறு வேலைகளாகப் பிரிப்பது, மூச்சுப் பயிற்சியாலும் ஒழுங்கான தூக்கத்தாலும் உடலை அமைதிப்படுத்துவது.

ஓர் உதாரணம். மாதிரி நீட் தேர்வில் ஒரு மாணவி 720க்கு 310 எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "என்னால் எதுவுமே முடியாது, எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன்" என்ற எண்ணம் வருகிறது. பயிற்சி அவளிடம் கேட்கும்: இதற்கு என்ன ஆதாரம்? இதே மதிப்பெண் வாங்கிய தோழிக்கு நீ என்ன சொல்வாய்? யோசித்துப் பார்த்தால், உயிரியலில் நன்றாகச் செய்திருக்கிறாள், இயற்பியலில்தான் இடறியிருக்கிறாள் என்பது புரியும். "எதுவுமே முடியாது" என்பது "இயற்பியலில் இரண்டு பாடங்கள் புரியவில்லை" என்று சுருங்குகிறது. முதலாவதற்குத் தீர்வு இல்லை. இரண்டாவதற்கு ஆசிரியரிடம் போய்க் கேட்கலாம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம் "ஸ்பார்க்ஸ்" என்ற கணினி விளையாட்டை உருவாக்கியது. 7 கட்டங்கள் கொண்ட அந்த விளையாட்டு, மனச்சோர்வைக் கையாளும் திறன்களைக் கதையின் வழியே கற்றுத்தருகிறது. 12 முதல் 19 வயது வரையிலான 187 பேரிடம் நடத்திய ஆய்வு 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. வழக்கமான ஆலோசனை பெற்றவர்களுக்குக் குறையாத முன்னேற்றம் இந்த விளையாட்டை ஆடியவர்களிடமும் இருந்தது.

நம் நாட்டிலும் முயற்சி நடந்திருக்கிறது. கோவாவைச் சேர்ந்த சங்காத் என்ற தொண்டு நிறுவனம் பள்ளி மாணவர்களுக்காக "பாட் அட்வெஞ்சர்ஸ்" என்ற கைபேசி விளையாட்டைத் தயாரித்தது. பிரச்சினையை அடையாளம் காண், வழிகளை யோசி, ஒன்றைச் செய்து பார் என்ற மூன்று படிகளை அது பழக்குகிறது. மாணவரைத் தனியே விடாமல் ஓர் ஆலோசகரின் துணையோடு நடத்துவதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது. இதே குழுவினர் டெல்லி அரசுப் பள்ளிகளில் நடத்திய இன்னோர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குப் பிரச்சினைகளைத் தீர்க்கும் வழிகளைச் சொல்லும் கையேடு மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்குக் கையேட்டோடு ஆலோசகரும் இருந்தார். ஆலோசகரின் துணை கிடைத்த பிள்ளைகளுக்கே அவர்களை வாட்டிய பிரச்சினைகளின் சுமை அதிகம் குறைந்தது. அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சியை வகுப்பறையில் நடத்திப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவின்படி, வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. இது இணையவழிப் பயிற்சி அல்லவென்றாலும் பாடம் ஒன்றுதான். பயிற்சி நடந்தது என்பதால் மட்டும் பலன் வந்துவிடாது, பிள்ளை விரும்பிச் செய்தால்தான் வரும்.

நமக்கு எது கிடைக்கிறது?

முதலில் குறித்து வைக்க வேண்டிய எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய "டெலி மானஸ்" சேவை இது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். 2024 அக்டோபரில் இதன் செயலியும் வெளியானது.

படிப்பு, தேர்வு, மேற்படிப்பு குறித்த குழப்பங்களுக்குத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2020 ஜூலையில் தொடங்கிய "மனோதர்பண்" திட்டத்தின் எண் 8448440632. ஒரு பிள்ளை கொடுமைக்கோ மிரட்டலுக்கோ உள்ளாகியிருந்தால் 1098.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் திண்டிவனம் - விழுப்புரம் சாலையிலேயே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வருகிறாரா, எந்தக் கிழமை என்பதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. அவசரத்தின்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

தனியார் செயலிகளைத் தேர்ந்தெடுக்கும் முன்

1. யார் தயாரித்தது என்று பாருங்கள். மருத்துவமனை, பல்கலைக்கழகம், மனநல நிபுணர்களின் பெயர் எதுவும் இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

2. "21 நாளில் பதற்றம் பறந்துபோகும்" என்பதுபோன்ற வாக்குறுதிகளை நம்பாதீர்கள்.

3. முதல் வாரம் இலவசம் என்று சொல்லி வங்கிக் கணக்கு விவரம் கேட்டால், அடுத்த மாதம் தானாகப் பணம் எடுக்குமா என்று படித்துப் பாருங்கள்.

4. பிள்ளை சொல்லும் ரகசியம் எங்கே போகிறது என்று கேளுங்கள். அமெரிக்காவின் பெரிய இணையவழி ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனாளர்களின் தகவல்களை விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது தொடர்பான வழக்கில், 2023இல் 78 லட்சம் டாலர் தர உத்தரவிடப்பட்டது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவலைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

5. மனிதரைப்போலவே பதில் சொல்லும் ஏஐ செயலிகளிடம் பிள்ளைகள் மனம் விட்டுப் பேசுகிறார்கள். பேச்சுத் துணை என்ற அளவில் சரி. ஆபத்தான நேரத்தில் அது ஓடிவந்து கதவைத் தட்டாது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். அஸருக்குப் பிறகோ மக்ரிபுக்குப் பிறகோ ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளலாம். படுக்கையில் கைபேசியோடு வேண்டாம். தூக்கம் கெட்டால் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

பல வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கைபேசி கிடையாது. தந்தையின் அல்லது அண்ணனின் கைபேசியில்தான் எல்லாம். அந்த நேரத்தில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையும், பேசியதைத் துருவிக் கேட்காத நம்பிக்கையும் அவளுக்குத் தேவை. "எத்தனை பாடம் முடித்தாய்?" என்று கணக்குக் கேட்பதைவிட, "இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டுவிட்டு, அறிவுரை சொல்லாமல் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய உதவி. கேட்டதை உறவினர் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய உதவி. அது அமானிதம்.

செயலி போதாத நேரம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், நண்பர்களிடமிருந்து முற்றிலும் விலகினால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி" என்று சொன்னாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, ஆசையாக வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல முடியாமல் தவித்த பிள்ளைக்கு வாய் திறக்க வழி கிடைக்கும். உடனே 14416ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

பள்ளியிடமும் ஜமாஅத்திடமும் கேட்போம்

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று மாணவர் மனநலம் குறித்து 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். உதவி எண்களைப் பெரிய எழுத்தில் வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் வைக்க வேண்டும். மதிப்பெண்ணைக் காரணம் காட்டி மாணவர்களைத் தனித்தனிப் பிரிவாக ஒதுக்கக் கூடாது. பயிற்சி மையங்களுக்கும் இது பொருந்தும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், "இங்கே ஆலோசகர் யார்?" என்று ஒவ்வொரு பெற்றோரும் கேட்டால் போதும், மாற்றம் தொடங்கிவிடும்.

பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் 14416 என்று எழுதி வைக்க ஒரு ரூபாய் செலவில்லை. தேர்வு முடிவு வரும் வாரத்தின் ஜும்ஆவில், மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை அரவணையுங்கள் என்று இமாம் ஒரு வார்த்தை சொன்னால் அது எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேரும். படித்த இளைஞர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் பயிற்சிகளைச் சேர்ந்து செய்யலாம். டெல்லிப் பள்ளிகளில் அந்தச் சாதாரண ஆலோசகர்கள் செய்தது இதைப்போன்ற ஒரு வேலைதான்.

நம் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவர்களின் மதிப்பெண்ணைக் கேட்கும் முன் மனதைக் கேட்போம். வல்ல இறைவன் அவர்களுக்கு அமைதியையும் உறுதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.