வாடகை வண்டியும் வழிதேடி வரும் அபராதமும்

காக்கநாட்டில் அலுவல் பார்க்கும் தமிழர் பலருக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, சிவில் ஸ்டேஷனுக்கோ இன்ஃபோபார்க்குக்கோ அண்மையில் வாடகைக்குப் பிடித்த வீட்டின் முகவரி; அது ஆண்டுக்கொருமுறை மாறக்கூடியது. மற்றொன்று, ஓட்டுநர் லைசென்ஸிலும் பாஸ்போர்ட்டிலும் அச்சாகியிருக்கும் சொந்த ஊர் முகவரி. அது எளிதில் மாறுவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இவ்விரண்டு முகவரிகளுக்கும் இடையே முளைத்த ஒரு சிக்கலிலிருந்து பிறந்ததாகும்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் தென்காசிப் பக்கத்தைச் சேர்ந்தவர். காக்கநாட்டில் ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறார். அலுவலக வேலையாக இத்தாலிக்குச் சென்றவர், விடுமுறை நாளில் ஒரு கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பழமையான நகரம் ஒன்றைக் காணச் சென்றார். யாரும் அவரை நிறுத்தவில்லை. யாரும் கேள்வி கேட்கவுமில்லை. மூன்றாம் நாள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். ஏறக்குறைய பத்து மாதங்கள் கழித்து, அயல்நாட்டு முத்திரையோடு கூடிய உறை ஒன்று தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய தந்தையார் கைக்கு வந்து சேர்ந்தது.

தந்தையார் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். உறையினுள் இருந்த இத்தாலிய எழுத்துக்கள் அவருக்கு விளங்கவில்லை. கூடவே இருந்த ஆங்கிலத் தாளில் சட்டப் பிரிவு, குற்றம், தொகை என்னும் சொற்கள் மட்டும் கண்ணில் பட்டன. மகன் வெளிநாட்டில் ஏதோ வழக்கில் அகப்பட்டுக்கொண்டதாக எண்ணி, மனைவியிடமும் சொல்லாமல் நான்கு நாட்கள் அதை அலமாரியில் மறைத்து வைத்திருந்தார். நான்காம் நாள் மாலைதான் மகனைத் தொலைபேசியில் அழைத்தார். மகனோ சிரித்துவிட்டு, "அப்பா, அது அப்போதே கட்டி முடிந்த கதை. கம்பெனிக்காரன் என் கார்டிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டுவிட்டான்" என்றார்.

அவர் சொன்னது தவறு. வாடகை வண்டி எடுப்போரில் மிகப் பலர் இந்த இடத்தில்தான் இடறி விழுகின்றனர்.

வண்டியின் எண்ணைப் படம்பிடித்த நகராட்சி, முதலில் அவ்வண்டியின் உரிமையாளரைத் தேடுகிறது. உரிமையாளர் வாடகைக் கம்பெனி. "அன்று இவ்வண்டி யாரிடம் இருந்தது?" என்று கம்பெனிக்குக் கடிதம் போகிறது. கம்பெனி, ஒப்பந்தத்தைப் புரட்டி, வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புகிறது. அந்த எழுத்து வேலைக்கு அது ஒரு கட்டணம் வசூலிக்கிறது. நம் இளைஞருடைய கார்டிலிருந்து முன்பே போனது அந்தக் கட்டணமேயன்றி அபராதம் அன்று. அபராதம் நகராட்சிக்குச் சேர வேண்டிய வேறு பணம். அது தன் வழியைத் தேடிக்கொண்டு மெதுவாக வருகிறது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இதெல்லாம் சொல்லப்பட்டிருக்கும். விமானத்திலிருந்து இறங்கிய களைப்பில் அதை யார் படிக்கிறார்?

இத்தாலியில், வெளிநாட்டில் குடியிருப்பவருக்குக் குற்றம் உறுதிசெய்யப்பட்டதிலிருந்து 360 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பலாம் என்று அந்நாட்டுச் சாலைச் சட்டம் இடம் தருகிறது. உள்நாட்டாருக்கு இந்தக் கெடு 90 நாட்கள்தாம். ஆகவே பத்து மாதம் கழித்து வந்த கடிதம் காலங்கடந்தது என்று தள்ளிவிடத்தக்கதன்று. அறிவிப்பு கைக்குக் கிடைத்த ஐந்து நாட்களுக்குள் செலுத்தினால் குறைந்தபட்சத் தொகையில் நூற்றுக்கு முப்பது பங்கு தள்ளுபடி உண்டு. அறுபது நாட்களுக்குள் செலுத்தினால் குறைந்தபட்சத் தொகை முழுவதும் கட்ட வேண்டும். அதற்கும் மேற்பட்டால் தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். தந்தையார் அச்சத்தால் நான்கு நாட்களைக் கழித்தார். மகன் "கட்டியாயிற்று" என்ற பிடிவாதத்தால் மேலும் இரண்டு நாட்களைக் கழித்தார். தள்ளுபடி பறிபோயிற்று.

அப்படி அவர் செய்த குற்றந்தான் என்ன? பழைய இத்தாலிய நகரங்களின் நடுப்பகுதியில் குறுகிய கல்வீதிகள் உள்ளன. அங்கே குடியிருப்போரின் வண்டிகளும் அனுமதி பெற்றவையும் மட்டுமே செல்லலாம். ஃபிளாரன்ஸ், ரோம், பீசா முதலிய ஊர்களில் இந்த ஏற்பாட்டைக் காணலாம். 'ஸோனா ஆ திராஃபிக்கோ லிமிடாட்டோ' என்று அதற்குப் பெயர். போக்குவரத்து வரையறுக்கப்பட்ட பகுதி என்பது பொருள். நுழைவாயிலில் கதவோ காவலரோ இல்லை. ஒரு பலகையும் ஒரு காமிராவும் மட்டுமே உண்டு. சில ஊர்களில் அப்பலகையில் 'வார்க்கோ ஆத்திவோ' என்று விளக்கெழுத்து எரியும். 'வாயில் இயங்குகிறது' என்பது அதன் சொற்பொருள். புதிதாக வருபவர், வழி திறந்திருக்கிறது என்று எண்ணி உள்ளே சென்றுவிடுகிறார். உண்மையில் காமிரா இயங்குகிறது, நுழையாதே என்பதே அதன் கருத்து. வழி தெரியாமல் சுற்றி வந்து மீண்டும் அதே வாயிலில் நுழைந்தால் அது இரண்டாவது குற்றமாக எண்ணப்பட்டதும் உண்டு. நம் இளைஞருக்கு வந்த உறையிலும் இரண்டு அறிவிப்புகள் இருந்தன. இரண்டிற்கும் இடையே பதினொரு நிமிடங்கள்.

இது என்ன அயல்நாட்டு அநியாயம் என்று எவரும் கருத வேண்டா. காக்கநாட்டுத் துறைமுக–விமான நிலையச் சாலையில் வண்டி ஓட்டுவோருக்கு இம்முறை புதியதன்று. கேரள அரசு 'சேஃப் கேரளா' திட்டத்தின் கீழ் மாநிலமெங்கும் 726 காமிராக்களை நிறுவி, 2023 ஆம் ஆண்டு ஜூன் 5 முதல் அவற்றின் வழி அபராதம் விதிக்கத் தொடங்கிற்று. அவற்றில் 675 காமிராக்கள் தலைக்கவசம், இருக்கை வார், கைப்பேசி ஆகியவற்றைக் கவனிப்பவை. தலைக்கவசமின்றியோ வார் அணியாமலோ சென்றதற்கு அப்போது குறிக்கப்பட்ட தொகை 500 ரூபாய். அறிவிப்பு வண்டியின் உரிமையாளருக்கே போகிறது. ஓட்டியவர் யார் என்று தெரிவிப்பது உரிமையாளரின் கடமை என்று நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 133 ஆம் பிரிவு கூறுகிறது. பிரிட்டனில் 1988 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172 ஆம் பிரிவும் இதையே கேட்கிறது. கேட்கப்பட்டவர் 28 நாட்களுக்குள் விடை தராவிட்டால் அதுவே தனிக் குற்றமாகும்.

மலையாளத்தில் அபராதத்தைப் 'பிழ' என்கிறார்கள். நாமோ பிழை என்னும் சொல்லைத் தவற்றுக்கு வைத்துக்கொண்டோம். அவர்கள் தவற்றின் விலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

கேரளத்தில் வாடகைக்குக் கார் எடுப்போர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். தாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடப்படும் உரிமம் பெற்ற வண்டிக்குக் கரும்பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகையுடைய சொந்த வண்டியை நண்பரின் நண்பர் 'குறைந்த வாடகைக்கு' தருகிறார் என்றால், விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கக்கூடும். ஐந்நூறு ரூபாய் அபராதத்தைவிட அது பன்மடங்கு பெரிய தொல்லை.

துபாய் செல்வோர்க்கு நிலைமை சற்று வேறு. அங்கே காகிதம் வருவதற்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. குற்றம் வண்டியின் எண்ணின் பெயரில் ஏறியவுடன் வாடகைக் கம்பெனி அறிந்துகொள்கிறது; முன்பணத்தைச் சில வாரங்கள் பிடித்துவைத்து, அபராதத்தையும் 'சாலிக்' எனப்படும் சாலைச் சுங்கத்தையும் கழித்துக்கொள்கிறது. ஒரு குறிப்பு மட்டும் சொல்கிறேன். துபாயில் பலகையில் எழுதிய வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர்வரை காமிரா பொறுத்துக்கொள்ளும் என்பது அங்கே எல்லோரும் அறிந்தது. அதே வழக்கத்தை நம்பி அபுதாபிக்குள் செல்லக் கூடாது; அங்கே 2018 ஆகஸ்டிலேயே அந்தச் சலுகை நீக்கப்பட்டுவிட்டது.

இனி, கடிதம் வந்துவிட்டால் செய்ய வேண்டுவது யாது? முதலில் அது மெய்யானதா என்று பார்க்க வேண்டும். தேதி, நேரம், வண்டியின் எண் ஆகியவற்றை வாடகை ஒப்பந்தத்தோடு ஒப்பிட வேண்டும். ஆகையால் ஒப்பந்தத்தையும் வண்டியைத் திருப்பிக் கொடுத்த நேரத்தைக் காட்டும் சீட்டையும் ஓராண்டுக்கு மேலேயே காப்பாற்றி வைத்தல் நலம். கடிதத்தில் கண்ட இணைப்பை நம்பாமல், அந்நகராட்சியின் தளத்தைத் தாமே தேடிச் சென்று அறிவிப்பு எண்ணை இட்டுப் பார்க்க வேண்டும். நம் நாட்டிலும் போலிகள் மலிந்துள்ளன. அபராதம் என்று வாட்ஸப்பில் வந்த போலிச் செயலியைத் திறந்து எர்ணாகுளத்தில் பணம் இழந்தவர் உண்டு. அது தொடர்பாக 2025 இல் கொச்சி நகரச் சைபர் காவலர் வாரணாசியில் இருவரைக் கைது செய்தனர். அரசாங்கத்தின் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணை இட்டுப் பார்ப்பதே நேரான வழி.

மெய்யான அபராதம் என்று தெளிந்தால், செலுத்துவதா எதிர்ப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டும். இத்தாலியில் மாகாண அதிகாரியிடம் அறுபது நாட்களுக்குள் முறையிடலாம். அல்லது சமாதான நீதிபதியிடம் செல்லலாம். முறையீடு இத்தாலிய மொழியில் இருக்க வேண்டும். மாகாண அதிகாரி தள்ளிவிட்டால் தொகை குறைந்தது இரு மடங்காகும். செலுத்திவிட்ட பின் எதிர்க்க முடியாது. வண்டி எண்ணே தவறு, அந்த நேரத்தில் வண்டி தம்மிடம் இல்லை என்பவை போன்ற காரணமிருந்தால் எதிர்க்கலாம். "பலகை புரியவில்லை" என்பதற்காக எதிர்ப்பது வீண்செலவு என்பது என் கருத்து.

செலுத்துவதிலும் நுணுக்கம் உண்டு. நம் வங்கிகள் புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிமாற்றம் முடக்கப்பட்டே இருக்கும். அதை முன்னரே திறந்து கொள்ள வேண்டும். வங்கி வழியாக அனுப்பினால் இடைவங்கிகள் தம் கட்டணத்தை நடுவிலேயே கழித்துக்கொள்ளக்கூடும். சில யூரோ குறைவாகச் சேர்ந்தாலும் மீதி நிலுவையாகவே நிற்கும். அனுப்பும் கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்பதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அறிவிப்பு எண்ணையும் வண்டி எண்ணையும் குறிப்பிட மறக்கலாகாது.

இளைஞர் இரண்டு அபராதங்களையும் எட்டாம் நாள் கார்டு மூலம் செலுத்தினார். வாடகைக் கம்பெனிக்கு எழுதித் தம் காக்கநாட்டு முகவரியையும் மின்னஞ்சலையும் பதிவு செய்யச் சொன்னார். ரசீதின் நகலைத் தந்தையாருக்கு அனுப்பினார். ஆசிரியர் அல்லவா, அவர் அதை வரிவரியாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூன்று நாள் ஓட்டினாயே, மற்ற இரண்டு நாளுக்கு என்ன?" மகன் நாட்காட்டியைப் பார்த்தார். 360 நாட்கள் முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது.