பழைய இரும்பு இல்லை, அப்பா ஓட்டிய லோரி

பழைய வாகனம் சேகரிப்பவர் என்றதும் உங்கள் மனத்தில் யார் வருகிறார்? மோரிஸ் மைனர் காரைப் பளபளவென்று துடைத்து, ஞாயிற்றுக்கிழமை பசியாற ஓட்டி வரும் பெரியவர். இல்லையென்றால், வெஸ்பாவில் கும்பலாகப் போகும் இளைஞர்கள். லோரி சேகரிப்பவர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இத்தனைக்கும் நம் குடும்பங்களில் மோரிஸ் மைனர் வைத்திருந்தவர்களைவிட லோரி ஓட்டியவர்கள்தாம் அதிகம்.

வானொலியில் என் இரவு நிகழ்ச்சிக்குப் பாதி நேயர்கள் லோரி ஓட்டுநர்கள். ‘தூக்கிப்போட மனம் வராத பொருள் எது?’ என்று ஓர் இரவு கேட்டேன். தையல் இயந்திரம், அம்மிக்கல், அப்பாவின் கைக்கடிகாரம் என்று வரிசையாக அழைப்புகள். பன்னிரண்டு மணிக்கு மேல் காப்பாரிலிருந்து ஒரு குரல்: “எங்கிட்ட ஒரு லோரி இருக்குமா. ஏழு டன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பாருக்குப் போனேன்.

இன்ஜின் எங்கே?

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பெட்ஃபோர்ட் டி.கே. உரிமையாளருக்கு வயது 52. சொந்தமாக இரண்டு லோரி வைத்துச் சரக்கு ஏற்றும் தொழில் செய்கிறார். பக்கத்தில் நாற்காலி போட்டு அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். வயது 81. தோட்டத்து லோரி ஓட்டுநராக 26 ஆண்டுகள் இருந்தவர்.

“இன்ஜின் எங்கே இருக்குன்னு சொல்லுங்கமா பார்ப்போம்” என்றார் மகன். முன்னால் தேடினேன். மூடி இல்லை. அவர் ஓட்டுநர் கதவுக்குப் பின்னால் இருந்த ஒரு பலகையைத் தூக்கினார். உள்ளே இன்ஜின்! இருக்கைக்குப் பின்புறம் அதை வைத்து, பக்கவாட்டில் திறக்கும்படி செய்ததுதான் டி.கே.யின் அடையாளம். நின்ற இடத்திலிருந்தே எண்ணெய் பார்க்கலாம், பழுது பார்க்கலாம். மழைக்காலச் செம்மண் சாலையில் இது எவ்வளவு பெரிய வசதி என்று ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கும் ஓடிய பெட்ஃபோர்ட்

பெட்ஃபோர்ட் பிறந்தது இங்கிலாந்தின் லூட்டன் நகரில், 1931ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1925இல் வாங்கிய வாக்ஸ்ஹால் நிறுவனம், லோரிகளுக்கென்று வைத்த பெயர் அது. இரண்டாம் உலகப் போரின்போது மட்டும் ஏறக்குறைய 250,000 இராணுவ லோரிகளைத் தயாரித்தார்கள். போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ஆட்சி இருந்த இடமெல்லாம் பெட்ஃபோர்ட் போனது. மலாயாவின் ரப்பர் தோட்டமும் அதில் அடக்கம்.

மூக்கு நீண்ட ‘ஜே’ வகை 1950களின் கடைசியில் வந்தது. தட்டை முகம் கொண்ட டி.கே. அதை ஒட்டியே வந்தது. பாகிஸ்தானில் அந்த மூக்கு லோரிக்குச் செல்லப்பெயர் ‘ராக்கெட்’. உடம்பெல்லாம் மயிலும் பூவும் வரைந்து, சங்கிலிகள் குலுங்க இன்றும் ஓடுகின்றன. இந்தியாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ஃபோர்ட் லோரிகளைத் தயாரித்தது. இலங்கையிலும் இவை இன்னும் சுமை ஏற்றுகின்றன. 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் பெட்ஃபோர்ட் லோரித் தயாரிப்பைக் கைவிட்டது. டன்ஸ்டபிள் தொழிற்சாலை அடுத்த ஆண்டே கை மாறியது.

பழைய லோரிக்குப் புது வேலை கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. போருக்குப் பின் பழைய இராணுவ லோரிகளில் வின்ச் பொருத்தி, காட்டிலிருந்து மரம் இழுக்க ஓட்டினார்கள். மரக்காட்டுத் தொழிலாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘சான் தாய் வோங்’. கண்டோனீஸ் மொழியில் மலைக்கு ராஜா என்று பொருள்.

விழாத நாலு நம்பர்

இந்தக் காப்பார் லோரி 1972இல் தோட்டத்துக்கு வந்தது. பெரியவர்தான் முதல் ஓட்டுநர். காலையில் ஆட்களை ஏற்றிக் காட்டில் இறக்குவார். பிறகு பால் டிரம். மத்தியானம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். தைப்பூசத்துக்குப் பத்துமலை. நடு இரவில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் கிராணி வந்து கதவைத் தட்டுவார். “ரெண்டு பிள்ளைங்க பாதி வழியிலேயே பொறந்துச்சுமா. பின்னால பெட்ரோமாக்ஸ் பிடிச்சுக்கிட்டு மருத்துவச்சி. நான் முன்னால திரும்பிப் பார்க்காம ஓட்டினேன்.”

1991இல் தோட்டம் வீடமைப்புக்குப் போனது. ஆட்கள் சிதறினார்கள். லோரியும் விலைபோனது.

2019இல் மகன் ஏதோ ஒரு அச்சு தேடிக் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கிறார். புல் மூடிக் கிடந்த லோரியின் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “அப்பா வருஷக்கணக்கா நாலு நம்பர் எடுத்த நம்பர்மா அது. ஒருநாளும் விழுந்ததில்லை. அதை எப்படி மறக்க முடியும்?”

கடைக்காரர் எடை போட்டு விற்கத் தயாராக வைத்திருந்தார். 6,500 ரிங்கிட்டுக்குப் பேசி முடித்து, இழுவை லோரியில் வீட்டுக்குக் கொண்டு வந்தார். “பார்த்ததும் அப்பா ஒண்ணும் பேசலை. இடது பக்கப் படியைத் தடவிப் பார்த்தாரு. அவர் கையால பற்ற வைத்த ஒட்டு அங்க இருந்துச்சு.”

உயிர் கொடுக்கும் வேலை

சீரமைப்பு என்றால் சாயம் பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். சாயம் கடைசி வேலை. முதலில் கழற்ற வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, பையில் போட்டு, பெயர் எழுதிக் கழற்ற வேண்டும். கேபினின் தரைத் தகடும் மூலைகளும்தான் முதலில் துருப்பிடிக்கும். அவற்றை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்ற வைத்தார்கள். சட்டத்தை மணல் வீசித் துரு நீக்கி, விரிசல் இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். வில் தகடுகளைப் பிரித்து உடைந்ததை மாற்றினார்கள். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினின் பிளாக் நன்றாகவே இருந்தது. பிஸ்டன், பேரிங், கேஸ்கட் மட்டும் புதியவை.

பின்புறச் சுமைத்தட்டு மரவேலை. செங்கால் மரத்தில் லோரி பாடி கட்டத் தெரிந்த ஆசாரிகள் குறைந்துவிட்டார்கள். தேடிப் பிடித்த ஒரு சீன ஆசாரிக்கு வயது எழுபதுக்கு மேல். இவர் காத்திருந்தது ஏழு மாதம்.

இதுவரை ஆன செலவு, லோரி வாங்கிய விலையைப் போல ஆறு மடங்கு. மனைவி என்ன சொன்னார் என்று கேட்டேன். “முதல் வருஷம் திட்டினாங்க. ரெண்டாவது வருஷம் அவங்களே நட்டு போல்ட்டு கழுவிக் கொடுத்தாங்க.”

அசலா, மாற்றமா?

பழைய லோரி ஆர்வலர்கள் உலகமெங்கும் இதில் இரண்டு கட்சி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வேண்டும் என்பது ஒன்று. இன்றைய சாலைக்கு ஏற்ப மாற்றலாம் என்பது மற்றது. மெக்கானிக் ஒருவர், பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டு ஜப்பான் ரிக்கோன் இன்ஜின் வைக்கச் சொல்லியிருக்கிறார். மகன் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அசல் கட்சி.

அப்பாதான் மாற்றத்தைக் கேட்டார். இன்ஜினில் அல்ல, பிரேக்கில்.

அந்தக் காலத்து லோரிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில் போகும். ஒரு குழாய் கசிந்தால் எல்லாப் பிரேக்கும் போச்சு. ஒருமுறை பின்னால் முப்பது பேர் இருக்கும்போது, இறக்கத்தில் அப்படித்தான் ஆனது. பெரியவர் கியரைக் குறைத்து, லோரியை மேட்டுப்பக்கம் ஒடித்து, ரப்பர் மரத்தில் சாய்த்து நிறுத்தினார். மூன்று பேருக்குக் கை கால் முறிவு. உயிர்ச்சேதம் இல்லை.

மகன் அசலே வேண்டும் என்று வாதாடியபோது அவர் சொன்னாராம்: “நீ படம் எடுக்க ஓட்டுறே. நான் ஆளை ஏத்திக்கிட்டு ஓட்டினவன்.”

இரண்டு மாதம் அப்பாவும் மகனும் இதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு மகன் இரட்டை வழிப் பிரேக் பொருத்த ஏற்பாடு செய்தார். இருக்கை வாரும் வைத்தார். இன்ஜின், கியர் பெட்டி, ஸ்டியரிங் எல்லாம் பழையபடியே. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

உலகம் எப்படிக் கொண்டாடுகிறது?

பிரிட்டனில் பழைய வணிக வாகனங்களுக்கென்று 1958இல் சங்கம் தொடங்கினார்கள். 1962 முதல் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு ஊர்வலம் போகிறார்கள். அமெரிக்காவின் லோரி வரலாற்றுச் சங்கம் தொடங்கிய ஆண்டு 1971. அங்கே பீட்டர்பில்ட், கென்வொர்த், மேக் லோரிகளுக்கு வெறியர்களே உண்டு. ஜப்பானில் லோரி முழுக்க விளக்கும் ஓவியமும் வைத்து அலங்கரிக்கும் ‘தெகோதோரா’ மோகத்தை, 1975இல் தொடங்கிய ‘தொராக்கு யாரோ’ திரைப்படங்கள் நாடு முழுக்கப் பரப்பின.

நீங்களும் இறங்குவதாக இருந்தால்

- வாங்கும் முன் கிராண்டைப் பாருங்கள். அதில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வாகனத்தில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஜேபிஜேயில் கேளுங்கள்.
- இன்ஜின் மாற்றினால் ஜேபிஜே அனுமதியும் வாகனப் பரிசோதனையும் அவசியம். கார் ஓட்டும் ‘டி’ உரிமம் கனரக லோரிக்குப் போதாது.
- வளையம் வைத்துப் பூட்டும் பழைய ரிம்களில் கவனம். காற்று அடிக்கும்போது வளையம் தெறித்து உயிர் போயிருக்கிறது. இரும்புக் கூண்டுக்குள் வைத்தே அடிக்க வேண்டும். தெரியாதவர் தொடவே கூடாது.
- பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்.
- லோரியை நிறுத்த இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் வெஸ்பாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கதவில் யார் பெயர்?

சரக்கு லோரியின் பக்கத்தில் உரிமையாளர் பெயரும், ‘பி.டி.எம்.’, ‘பி.தி.எம்.’ என்று சுமையோடும் சுமையில்லாமலும் உள்ள எடையும் எழுத வேண்டும். நான் போனபோது கதவு காலியாக இருந்தது. கையால் எழுதும் ஓவியர் அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்கள்.

பழைய தோட்டத்தின் பெயரையே எழுதலாமே என்றேன். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை என்றார் மகன். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து காட்டினார். கிராண்ட். உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்.

26 ஆண்டுகள் தோட்டத்து லோரி ஓட்டியவர். ஒருநாளும் அவர் பெயரில் ஒரு சக்கரம்கூட இருந்ததில்லை. பெரியவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. “எழுத்து பெருசா எழுதச் சொல்லு. தூரத்துல இருந்து படிக்கணும்” என்றார்.