காதின் பின் ஒரு பற்று

முல்லைத்தீவார்க்குப் பற்று என்றவுடன் கரைதுறைப்பற்று நினைவில் வரும். வைத்தியர்க்கோ அச்சொல் உடலில் அப்பும் மருந்தைக் குறிக்கும். தலையிடிக்குச் சுக்கை உரைத்து நெற்றியில் இடுவதும் பற்றே. பயணக் குமட்டலுக்கு அஞ்சிக் கண்டி வீதியில் பஸ் ஏறுவோர், முகர்ந்து பார்க்கத் தேசிக்காய் ஒன்றைக் கையில் வைத்திருப்பர்.

கண் காண்பதும் உட்காது உணர்வதும் முரண்படுவதால் எழுவது இக்குமட்டல். இதற்கென ஐக்கிய அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டு ஒரு பற்றுக்கு அநுமதி கிடைத்தது. காதின் பின் ஒட்டும் சிறு வில்லை அது. அதிலுள்ள ஸ்கோபொலமீன் தோலினூடாக மூன்று நாளில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவே உட்செல்லும்.

அம்மருந்து நம் வேலியோரத்து ஊமத்தையிலும் உண்டென்று வகுப்பிற் சொன்னேன். "அப்படியென்றால் இலையைக் கட்டலாமே, ஐயா!" என்றான் ஒரு மாணாக்கன். பெருமை கொள்ளலாம், கட்டலாகாது! இலைக்கு இலை நஞ்சின் அளவு வேறுபடும். மிகுந்தாற் பிதற்றலும் மயக்கமும் உண்டாம், உயிரும் போகும். அளந்து செய்த அவ்வில்லையைத் தொட்ட விரல் கண்ணிற் பட்டாலே பாவை விரிந்து பார்வை மங்கும். ஆதலின் ஒட்டியவுடன் கைகழுவச் சொல்கின்றனர்.