வெட்கம் வேண்டாம், தாய்மார்களே!

அந்தரங்க உறுப்பில் அரிப்பு, எரிச்சல், தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப்படுதல். சொல்லக் கூசிச் சகிக்கும் தாய்மார்கள் நம் தீவுகளிலும் உண்டு. இதற்குப் பெரும்பாலும் காரணம் 'கேண்டிடா' என்னும் பூஞ்சை. உடலில் அடங்கி வாழும் இது, நீரிழிவு, கர்ப்பம், ஆன்டிபயாடிக் உபயோகம் போன்ற சமயங்களில் பெருகி, நச்சு சுரந்து யோனியின் மேற்புறச் செல்களைப் புண்ணாக்கும்.

1950-ல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானிகள் அறிவித்த நிஸ்டாடின், பூஞ்சையின் உறையைத் துளைக்கிறது. பின்வந்த குளோட்ரிமசோல், அவ்வுறைக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் உருவாகாமல் தடுக்கிறது. மனித செல்களில் எர்கோஸ்டெரால் இல்லாததால் அவை தப்புகின்றன.

அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தினால் எஞ்சிய பூஞ்சை மீண்டும் தலைதூக்கலாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேளாமல் மாத்திரை விழுங்கலாகாது. எல்லா வெள்ளைப்படுதலும் பூஞ்சையால் வருவதல்ல. ஆகவே கடையில் கேட்டு வாங்காமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்வதே நலம்.