உழவு யந்திரத்தின் தளர்ந்த சுக்கான்

சுக்கானைக் கால்வட்டம் திருப்பிய பின்னரே முன்சில்லு அசைகின்ற பழைய உழவு யந்திரங்கள் பல. வயலின் நடுவே இக்குறை பெரிதாகத் தோன்றாது. பாரமேற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு வீதியிற் செல்லும்போது, அதுவே உயிருக்கு ஆபத்தாய் முடியலாம்.

இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட சிறிய பேர்குசன் யந்திரத்தை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் சுக்கான் பெட்டியின் இருபுறமும் ஒவ்வொரு கை உண்டு. ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு நீண்ட தடி முன்சில்லை நோக்கிச் செல்கின்றது. தடியின் இரு நுனிகளிலும், கிண்ணத்துள்ளே குண்டு அசையும் மூட்டுக்கள் உள. மூட்டுக்கள் சிறிது சிறிதாகத் தேய, அத்தேய்வுகள் யாவும் ஒன்றுகூடிச் சுக்கானிற் பெருந்தளர்வாகத் தோன்றுகின்றன.

ஆகவே, பெட்டியிலுள்ள பற்சில்லுகளை முதலிலேயே நெருக்கி வைத்தல் தவறு. நேரே செல்லும்போது பொருந்தும் நடுப்பற்களே மிகத் தேய்வன. அவற்றுக்கேற்ப நெருக்கினால், முழுதுந் திருப்பும்போது தேயாத பற்கள் இறுகிச் சிக்கிக்கொள்ளும்.

சோதனை நிலத்திலிருந்து மேல்நோக்கிச் செல்லல் வேண்டும். ஒருவர் சுக்கானை இடமும் வலமும் மெல்ல அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டிலுங் கைவைத்துப் பார்த்தால், தேய்ந்த மூட்டு தானே புலப்படும். பின்னர், பின்சில்லுகளுக்குத் தடைவைத்து, முன் அச்சை உயர்த்தி, உறுதியான மரக்கட்டைகளின்மேல் நிறுத்துக. சில்லின் மேலுங் கீழும் பிடித்து ஆட்டும்போது சில்லு மாத்திரம் ஆடினால் பெயரிங்கிலும், சில்லைத் தாங்கும் அச்சுமுனையுஞ் சேர்ந்து ஆடினால் அது திரும்பும் தண்டின் புஷ்ஷிலும் பழுதெனக் கொள்க.

தேய்ந்த குண்டு மூட்டை ஒட்டவைத்துச் சீர்செய்ய முயலாது, புதியதை மாற்றுவதே தக்கது. பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் அது கழன்றதென எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றுப் பூட்டினால் தடியின் நீளம் பெரிதும் மாறாது. எனினும், முன்சில்லுகள் இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை முன்புறத்திலும் பின்புறத்திலும் அளந்து, கைந்நூலிற் குறித்தவாறு அமைத்தல் அவசியம்.

சுரையின் துவாரம் நேர்ப்படாவிடின் சுரையைத் தளர்த்தாது, சிறிது மேலும் இறுக்கிப் புதிய பிளவாணியைச் செருகுக. அற்ப விலையுடைய அவ்வாணி இல்லாதுபோனால் சுரை கழன்று, தடி விடுபட்டு, சுக்கான் பயனற்றுப்போம். சேற்றில் உழுத நாட்களில், புதிய கிறீஸ் உட்சென்று சேற்றுநீரை வெளித்தள்ளும்வரை மூட்டுக்களுக்குக் கிறீஸ் இடுதல், இத்தேய்வைப் பலகாலந் தாமதிக்கச் செய்யும்.