வன்னிப் பெருநிலத்தில் குடும்பமும் திருச்சபையும்: ஒரு சமூகவியல் நோக்கு

குடும்பம் என்றும் மாறாத இயற்கை நியதி அன்று. உற்பத்தி முறைமையும் சொத்துரிமையும் மாறுமிடத்து அதன் வடிவமும் மாறுகின்றது. எங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய நூலில் நிறுவ முற்பட்டது இதனையே. திருச்சபையோ குடும்பத்தை இறைவன் வகுத்த ஏற்பாடாகக் கொள்கின்றது. இவ்விரு நோக்குகளும் அடிப்படையிலேயே முரண்பட்டவை. ஆயினும், இம்முரண்பாட்டைச் சுட்டுவதோடு அமைதியடைந்து, வன்னி மக்களின் வாழ்வில் திருச்சபை வகித்த பாத்திரத்தை ஆராயாது விடுதல் விஞ்ஞானபூர்வமான நோக்காகாது. திருச்சபை எவ்வாறு குடும்பத்துக்கு வலுவூட்டியுள்ளது, எவ்விடத்தில் தயங்கி நிற்கின்றது என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

வன்னியின் மேற்கு எல்லையிலமைந்த மடுத் திருத்தலத்தின் தோற்றமே இடப்பெயர்வோடு தொடர்புடையது. ஒல்லாந்தரின் கெடுபிடிக்கு அஞ்சிய கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670 அளவில் மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைச் சுமந்து காட்டினுள் புகுந்தன என்பது மரபுவழிச் செய்தி. 1990களில் அதே வளாகம் ஆயிரக்கணக்கானோரின் அகதி முகாமாயிற்று. 1999 நவம்பரில் அங்கு வீழ்ந்த எறிகணைகளால் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் திருவுருவமே இடம்பெயர வேண்டியதாயிற்று. இவ்வரலாற்றில் ஆலயம் வழிபாட்டிடம் மட்டுமன்று; சிதறும் குடும்பங்கள் ஒன்றுகூடிய பொதுவெளியுமாகும்.

இதனை இன்னும் தெளிவாக உணர்த்துவது இரணைதீவின் அனுபவமாகும். கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இத்தீவின் மக்கள் 1992இல் வெளியேற்றப்பட்டு, முழங்காவில் பகுதியின் இரணைமாதாநகரில் குடியேறினர். கடற்படையின் பிடியிலிருந்த தமது மண்ணைக் கோரி 2017 மே முதலாந் திகதி அவர்கள் போராட்டம் தொடங்கினர். பெண்கள் அதன் முன்னணியில் நின்றனர். 2018 ஏப்ரல் 23இல் குருமாரும் உடன்செல்ல, படகுகளில் தீவை அடைந்தவர்கள் முதலிற் கூடியதும் தங்கியதும் அங்குள்ள ஆலயத்திலேயே. ஈண்டு ஒரு பொருளியல் உண்மை நோக்கத்தக்கது. கடலும் கரையும் இக்குடும்பங்களின் உற்பத்திச் சாதனங்கள். அவற்றை இழந்த குடும்பத்துக்கு ஒற்றுமையும் பொறுமையும் பற்றிய போதனை மட்டும் சோறிடாது. குருமார் மக்களோடு படகேறியபோது, எத்தனையோ மறையுரைகள் செய்யாத குடும்பப் பணியைத் திருச்சபை செய்தது எனலாம்.

ஆயின், நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. போரின் இறுதியில், 2009 மே 18இல், சரணடைந்தோருடன் சென்ற பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் காணாமலாக்கப்பட்டோருள் ஒருவர். எனவே திருச்சபை இத்துயருக்குப் புறத்தே நிற்பதன்று. எனினும், காணாமலாக்கப்பட்டவனின் மனைவி இன்று இரு சட்டங்களுக்கிடையே அகப்பட்டுள்ளாள். தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்கிறது 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். கணவன் இருக்குமிடம் அறியாதவள் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். திருச்சபைச் சட்டத்தின் 1707ஆம் விதியோ, மரணத்துக்குச் சான்றில்லாதவிடத்து, ஆயர் மரண அனுமானத்தை அறிவிக்கும்வரை அவளைத் திருமணப் பிணைப்பிலிருந்து விடுபட்டவளாகக் கருதுவதில்லை. 2016இல் இயற்றப்பட்ட சட்டம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் பெற வழிசெய்தது. அது ஓரளவு ஆறுதலே. ஆயினும், உழைப்பவளும் பிள்ளைகளை வளர்ப்பவளும் அவளாக இருக்க, குடும்பத்தின் தலைமை இல்லாத ஆணிடமே எழுத்தில் எஞ்சியிருக்கின்றது. தந்தையைத் தலைவனாகக் கொண்ட திருக்குடும்ப இலட்சியம் இத்தகைய வீட்டைக் குறைபட்ட குடும்பமாகவே காணத் தூண்டும். இது கருத்துநிலை சார்ந்த தவறாகும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, பெண் தலைமை தாங்கும் குடும்பத்தை முழுமையான குடும்பமாகப் பங்கு ஏற்றல் வேண்டும். பங்குச் சபைகளிலும் அவளது குரலுக்கு இடமளித்தல் வேண்டும். இரண்டாவதாக, நீதிமன்ற மனுவுக்கும் காணி உரிமைக்கும் வேண்டிய சட்ட உதவியைத் திருச்சபை ஒழுங்குசெய்யலாம். மூன்றாவதாக, காத்திருப்பதா, புதுவாழ்வு தொடங்குவதா என்பதை அவளே தீர்மானிக்க விடுதல் வேண்டும். இரண்டில் எதையும் கடமையெனத் திணித்தலாகாது. நான்காவதாக, இப்பணி சமய எல்லையுள் அடங்கலாகாது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சித் தாய்மார் தொடர்போராட்டத்தைத் தொடங்கியது கந்தசுவாமி கோவில் முன்றலில் என்பதை நாம் மறத்தலாகாது. துயரம் அவர்களைச் சமயங்கடந்து இணைத்துள்ளது.

இவையனைத்தும் அரசின் பொறுப்பைத் திருச்சபை தோளில் ஏற்றுவதாகக் கொள்ளலாகாது. காணாமலாக்கப்பட்டோர் பற்றி விடையளிக்க வேண்டியது அரசே. அவ்விடையைக் கோரும் பெண்களுக்கு அருகில் திருச்சபை நிற்கின்றதா, அன்றி அவர்களை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்புகின்றதா என்பதைக் கொண்டே வன்னியில் அதன் குடும்பப் பணியை நாம் மதிப்பிடுதல் தகும்.